சாண்ட்ரா கப்பலின் கடைசி ஆட்சி

ஃபிரிஸ்கோ, டெக்சாஸ்
ஏப்ரல் 6, 2025

தம்பி மணியனுக்கு அண்ணாச்சி குமாரசாமி சொல்ல, மருமகள் கயல் எழுதுவது.

ரயில்காரங்க எல்லாம் வேலைநிறுத்தம் பண்ணி நாடே முடங்கிக் கிடந்து, அது முடியும் முன்னே ராஜஸ்தான் மணலில் அணுகுண்டு வெடிச்ச வருஷம் ஞாபகம் இருக்கா? சூயஸ் கால்வாய் அடைச்சே கிடந்தது. காமராஜர் உயிரோட இருந்தார். அந்த வருஷம் ஆடி மாசத்தில்தான் நம்ம சாண்ட்ரா கப்பலை இத்தாலியில் ரவென்னா துறைமுகத்தில் கட்டிப் போட்டாங்க. கிரேக்க முதலாளி திவாலாகி ஓடிட்டான். கேப்டனும் பெட்டியைத் தூக்கிட்டு இறங்கிட்டான். நாம ஒரு டஜன் தமிழ் ஆளுங்க கப்பலோட கெடந்தோம்.

இதை ஏன் இப்ப சொல்லுதேன்னா, நம்ம கப்பல் திருமூர்த்தி வந்திருக்கான். கலிஃபோர்னியாவில் ஃப்ரீமாண்ட்ல மக வீட்டுக்கு. பொண்டாட்டி போய் ரெண்டு வருஷம் ஆச்சாம். என் நம்பரை யார்கிட்டயோ வாங்கிப் பேசினான். பேசி முடிக்கும்போது சொன்னான், "அண்ணாச்சி, கப்பலில் எனக்கு அந்த மூணு நாள் கிடைக்கவே இல்ல." சிரிச்சுட்டுத்தான் சொன்னான். ஆனா சொன்னான்.

அவனுக்கு ஆறு மாசம் இருக்க அனுமதி. செப்டம்பர் கடைசியில் ஊருக்குப் போறான். இனி வரமாட்டானாம். நாம மூணு பேரும் ஒரு இடத்தில் உட்காரணும் தம்பி. உன் வீடுதான் தோது. நான் ஃபிளைட் ஏறி வந்துடுவேன்.

உன் காது எப்படி இருக்கு? போன்ல நான் என்ன சொன்னாலும் "ஆங், ஆங்"ங்குத, நீ கேட்டியா கேக்கலியான்னு தெரியல. அதான் கடுதாசி. கப்பலில் எனக்கு நீ எழுதிக் கொடுத்தே, இப்ப கயல் எழுதுது. பிளானோவில் ஆபீஸ், வாரம் பூரா டோல்வேயில் கார் ஓட்டுது, ஞாயித்துக்கிழமை மாமனாருக்குக் குமாஸ்தா. மெட்ராஸ் பொண்ணு. "சொல்லுதேன்னு எழுதவா, சொல்றேன்னு எழுதவா மாமா?"ங்குது. என் வாயில வர்றபடி எழுதுன்னுட்டேன்.

எனக்குச் சர்க்கரை கட்டுக்குள்ள இருக்கு. உன் வீட்டுக்காரி, தங்கச்சி புஷ்பவல்லிக்கு என் விசாரிப்பு.

குமாரசாமி

~

ஜெர்சி சிட்டி
ஏப்ரல் 24, 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு மணியன் வணக்கத்துடன் எழுதியது.

கடிதம் கிடைத்தது. தங்கள் உடல்நலம் அறிந்து மகிழ்ச்சி. இங்கு நானும் சுகம். காதுக்குப் புது மிஷின் வாங்கியிருக்கிறார்கள். அதில் பாத்திரச் சத்தம் மட்டும் நன்றாகக் கேட்கிறது. புஷ்பவல்லிக்கு முழங்கால் வலி, இருந்தாலும் ஜர்னல் ஸ்கொயர் வரை நடந்து போய்க் காய்கறி வாங்கி வருகிறாள். நானும் பின்னால் பையைத் தூக்கிக்கொண்டு போகிறேன்.

இந்த வருடம் குளிர் சீக்கிரம் விடவில்லை. ஆற்றோரம் செர்ரி பூத்து, ஒரே மழையில் உதிர்ந்துவிட்டது. மகளுக்கு வங்கி வேலையில் காண்ட்ராக்டை நீட்டித்திருக்கிறார்கள்.

கயலின் கையெழுத்து அழகாக இருக்கிறது என்று சொல்லுங்கள். சர்க்கரையைப் பார்த்துக்கொள்ளுங்கள். மாம்பழக் காலம் வருகிறது.

தங்கள் அன்புத் தம்பி,
மணியன்

~

ஃபிரிஸ்கோ
மே 18, 2025

தம்பி மணியனுக்கு,

இங்க எல்லாரும் நல்லா இருக்கோம். உன் கடுதாசியை கயல் ரெண்டு தடவை வாசிச்சுது. செர்ரிப் பூ வந்தது, மாம்பழம் வந்தது, திருமூர்த்தி பேரு வரல. சரி, விடு. பெரிய காகிதமா இருந்தா நீ எழுதியிருப்பியோன்னு நினைச்சுக்கிட்டேன்.

"மூணு நாள்னா என்ன மாமா? எனக்கு ஒண்ணுமே புரியல, முதல்லேர்ந்து சொல்லுங்க"ன்னு கயல் கேக்குது. அதுக்குச் சொல்லுறதை நீயும் கேட்டுக்கோ. தப்பா இருந்தா திருத்து.

கேப்டன் போனதும், டெக் ஆளுங்களுக்கு மேஸ்திரியா இருந்த சாரங்கு மகாலிங்கம் கப்பலுக்கு ராஜா ஆனார். ஸ்டோர் சாவி அவர் இடுப்பில். நான் பண்டாரி, அதாவது கப்பல் சமையல்காரன். உப்பு வேணும்னாலும் அவர் முன்னாடி போய் நிக்கணும். ஒரு நாள் பாதி பேர் முன்பக்கம், பாதி பேர் பின்பக்கம்னு பிரிஞ்சு ரெண்டு அடுப்பு மூட்டியாச்சு. கத்தியை எவனாவது எடுத்துருவானோன்னு நான் கத்தியெல்லாம் என் தலையணைக்கு அடியில வச்சுத் தூங்கினேன்.

அப்பத்தான் துறைமுகக் கேன்டீனில் சூப் ஊத்துற அம்மா, நாம ரோசாம்மான்னு கூப்பிட்டது, சொல்லிச்சு. அதுக்குச் சொந்த நாடு இத்தாலி இல்ல, சான் மரினோ. இத்தாலிக்குள்ளயே மலை மேல ஒரு தனி நாடு. நம்ம தூத்துக்குடியில பாதி சனம் கூட இல்ல. "உங்க கப்பல் மாதிரி எங்க நாட்டிலயும் ஒரு காலத்துல ரெண்டு அரசாங்கம் ஆகிப் போச்சு, பாதி பேர் ஒரு பாழடைஞ்ச ஃபேக்டரிக்குள்ள உட்கார்ந்து நாங்கதான் சர்க்கார்ன்னாங்க. அப்பவும் ஒரு உயிர் போகல. வந்து பாருங்க"ன்னுது. நீயும் நானும் திருமூர்த்தியும் அக்டோபர் ஒண்ணாம் தேதி ரிமினி போய் பஸ் பிடிச்சு மலை ஏறினோம்.

மலை உச்சியில் மூணு கோட்டை. பேண்டு வாத்தியம். நடுவுல கறுப்பு வெல்வெட்டுச் சட்டையில் ரெண்டு பேர். அந்த நாட்டுக்கும் சட்டம் போடுற அதோட சபைக்கும் தலைவர் ஒருத்தர் இல்ல, ரெண்டு பேர். ரெண்டு பேருக்கும் ஒரே அதிகாரம். ஒருத்தர் சொன்னதை மத்தவர் "வேண்டாம்"னா அது நடக்காது. ஆறு மாசம்தான் பதவி. இறங்கினா மூணு வருஷத்துக்கு மறுபடி ஏற முடியாது. எழுநூறு வருஷமா இப்படியாம். அந்த வருஷம்தான் பொம்பளைங்களும் முதல் தடவையா ஜெயிச்சுச் சபைக்கு வந்திருந்தாங்க.

எல்லாத்தையும் விட, இறங்கினதும் மூணு நாள். நாட்டில எவன் வேணும்னாலும் வந்து அந்த ரெண்டு பேர் மேல குறை சொல்லலாம்.

கயல் சொல்லுது, "எங்க ஆபீஸ்ல இது வந்தா மேனேஜர் ஒருத்தன் மிஞ்ச மாட்டான் மாமா."

திரும்பி வரும்போது பஸ்ஸில் திருமூர்த்திதான் சொன்னான், "அண்ணாச்சி, இதை நம்ம கப்பலில் வச்சா என்ன?" அவன்தான் சொன்னான். இருபத்துமூணு வயசுப் பய.

சாரங்கு காலில் விழாத குறையாப் பேசிச் சாவியை வாங்கினோம். ரெண்டு ரெண்டு பேரா, ஒவ்வொரு மாசத்துக்கும். முதல் ஜோடி சாரங்கு மகாலிங்கமும் ஃபிட்டர் மயில்சாமியும். ரெண்டாவது அனந்தப்பனும் எண்ணெய்க்காரன் சிவனணைஞ்சானும். மூணு நாள் குறை சொல்லும்போது பதவி இறங்கினவன் பதில் பேசக்கூடாதுன்னு நாமளா ஒரு சட்டம் சேர்த்தோம். சாரங்கு மூணு நாளும் வாயைப் பொத்திட்டு உட்கார்ந்திருந்தது இன்னும் என் கண்ணுல இருக்கு. மூணாம் நாள் முடிஞ்சதும் எழுந்து வந்து, "லே, அவ்வளவு மோசமாவா இருந்தேன்?"ன்னு கேட்டு, ஒரு தட்டுச் சோறு கூடத் தின்னார்.

அதுக்கப்புறம் கத்தியெல்லாம் அடுக்களையிலயே தூங்கிச்சு.

திருமூர்த்தியை எப்ப வரச் சொல்லட்டும்? அதுக்கு மட்டும் பதில் எழுது.

குமாரசாமி

~

ஜெர்சி சிட்டி
ஜூன் 9, 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இவ்விடம் அனைவரும் சுகம். தங்கள் நினைவாற்றலுக்கு முன் நான் நிற்க முடியாது. ஒரு சிறு திருத்தம். இரண்டாவது ஜோடி சிவனணைந்தானும் சரக்குத் தூக்கும் வின்ச் ஓட்டிய பரமசிவமும். அனந்தப்பன் மூன்றாவது. அந்த மாதம்தான் மெஸ்ஸில் பனி ஒழுகியது.

ஒன்று மட்டும் சரியாகச் சொன்னீர்கள். பஸ்ஸில் அதைச் சொன்னது அவன்தான். ஜன்னலோரம் உட்கார்ந்திருந்தான். என் கோட்டைப் போட்டிருந்தான்.

வீட்டில் இப்போது இடம் நெருக்கடி. மகளுக்கு வாரத்தில் மூன்று நாள் வீட்டிலிருந்து வேலை. நெவார்க்கில் வந்து இறங்கினால் டாக்ஸி அது இது என்று வயதானவர்களுக்குச் சிரமம். கோடை முடியட்டும், பார்க்கலாம்.

புஷ்பவல்லி விசாரித்தாள்.

மணியன்

~

ஃபிரிஸ்கோ
ஜூன் 29, 2025

தம்பி மணியனுக்கு,

வெயில் இங்க மண்டையைப் பிளக்குது. அனுமார் கோயில் வாசலில் கால் வைக்க முடியல, சாக்ஸோட ஓடுறோம். மத்தபடி சௌக்கியம்.

பரமசிவம் விஷயம் நீ சொன்னதுதான் சரி. ஒத்துக்கிட்டேன். இனி நான் சொல்லுறதில் தப்பு இருந்தா அதையும் திருத்து.

கடைசி ஜோடி நீயும் நானும். மாசி மாசம். சமையல்காரனை எல்லாரும் "எசமான்"னு கூப்பிட்டு வயிறு வலிக்கச் சிரிச்சாங்க. அப்ப யூனியன்காரர் வந்தார். ஊருக்கு டிக்கெட் வந்தாச்சு, ஆனா சம்பள பாக்கிக் கேஸ் முடியறவரை ஒரு ஆளாவது கப்பலில் இருக்கணும், கப்பலை வெறுமையா விட்டா நம்ம உரிமை போயிடும்ன்னார். யார் இருக்குறதுன்னு தலைவருங்க ராத்திரிக்குள்ள சொல்லணும்.

நான் திருமூர்த்தி பேரைச் சொன்னேன். கல்யாணம் ஆகாத பய, உடம்பில் வலு இருக்குன்னு. எல்லாரும் கேக்கத்தான் சொன்னேன். அப்புறம் எல்லாரும் உன்னைப் பார்த்தாங்க. நீ "வேண்டாம்"னு சொன்னா அது நடக்காது. நீ சொல்லல.

விடிஞ்சதும் ரோம் போற ரயில். பதவியை விட்டு இறங்கவும் இல்ல, மூணு நாள் உட்காரவும் இல்ல. யோசிச்சுப் பாத்தா நீயும் நானும் அம்பது வருஷமா இன்னும் பதவியில்தான் இருக்கோம் தம்பி.

அடுத்த ஆவணியில் உன் கல்யாணப் பத்திரிகை தூத்துக்குடிக்கு வந்தது. பொண்ணு குலசேகரன்பட்டினம் புஷ்பவல்லின்னு என் கூடப்பிறந்த தம்பி வாசிச்சான். மறுபடி வாசிக்கச் சொன்னேன். திருமூர்த்தியோட மாமன் மக. கப்பலில் அவன் அந்தப் பேரைச் சொல்லாத நாள் உண்டா? ஊருக்குப் போனதும் மாமாகிட்ட நான் வருவேன்னு சொல்லுன்னு உன்கிட்டத்தான சொல்லி அனுப்பினான்? நீ சொன்னியா இல்லியான்னு நான் அன்னிக்கும் கேக்கல, இன்னிக்கும் கேக்கல.

கயல் பேனாவை வச்சுட்டு என்னைப் பாக்குது. "மாமா, இதை எழுதணுமா? அந்த அங்கிள் கஷ்டப்படுவாங்க." எழுதும்மான்னேன்.

நான் உன் மேல குறை சொல்ல வரல. நானும் தலைவன்தானே, குறை கேக்க வேண்டியவன். அவன் ஊருக்குப் போயிட்டா நாம யார் முன்னாடி உட்காருவோம்?

குமாரசாமி

~

ஃபிரிஸ்கோ
ஆகஸ்ட் 17, 2025

தம்பி மணியனுக்கு,

உன்கிட்டயிருந்து தபால் வரல. உடம்புக்கு ஒண்ணும் இல்லேன்னு உன் மககிட்ட கயல் போன்ல கேட்டுக்கிச்சு.

என் நிலைமை சொல்லணும். போன வாரம் குளியலறையில் வழுக்கி விழுந்துட்டேன். இடுப்பெலும்பில் கீறல். ஆபரேஷன் வேண்டாம், ஆனா ஃபிளைட் கூடாதுன்னு டாக்டர் சொல்லிட்டார். வாக்கர் வச்சு அடுக்களை வரைக்கும் போறேன். பேரன் அனிருத் அதைப் பார்த்து இங்கிலீஷில் "தாத்தா, ஸ்பீட் லிமிட்"ங்கான்.

அதனால நான் வரமுடியாது. திருமூர்த்தி அங்க வந்தா என் பங்குக்கும் சேர்த்து நீயே உட்காரணும். அவன் ரெண்டு மாசமா என்கிட்ட ஒரு வார்த்தை கேக்கல, வரட்டுமான்னு. நீ கூப்பிட்டாத்தான் வருவான்.

இதுக்கு மேல எனக்குச் சொல்லத் தெரியல.

குமாரசாமி

~

ஜெர்சி சிட்டி
ஆகஸ்ட் 29, 2025

மரியாதைக்குரிய அண்ணாச்சிக்குப் புஷ்பவல்லி வணக்கம்.

நீங்கள் விழுந்த சேதி படித்து வருத்தம். பிரண்டைத் துவையல் சாப்பிடுங்கள், எலும்புக்கு நல்லது. கயலுக்குத் தெரியாவிட்டால் நான் போனில் சொல்கிறேன்.

உங்கள் கடிதங்களை எல்லாம் நான்தான் தபால்பெட்டியிலிருந்து எடுத்து வருகிறேன். அவர் படித்துவிட்டுச் சாப்பாட்டு மேசை மேலேயே விட்டுவிடுகிறார். நான் படிக்கட்டும் என்று விடுகிறாரா, மறந்து விடுகிறாரா தெரியாது. உங்களுக்குப் பதில் எழுத உட்காருவார். "சுகம்" என்று எழுதுவார். கிழித்துப் போடுவார்.

திருமூர்த்தி அத்தானை வரச் சொல்லுங்கள். டிக்கெட்டை மகள் போடுகிறாள். இடம் நெருக்கடி எல்லாம் இல்லை. நான் சொன்னதாகச் சொல்லுங்கள்.

புஷ்பவல்லி

~

ஜெர்சி சிட்டி
செப்டம்பர் 21, 2025

அன்புள்ள அண்ணாச்சிக்கு,

இடுப்பு வலி குறைந்திருக்கும் என்று நம்புகிறேன். நடந்ததை நீங்கள் பார்த்ததுபோல் எழுத வேண்டும் என்று உட்கார்ந்திருக்கிறேன்.

அவன் செவ்வாய்க்கிழமை வந்தான். நரைத்துவிட்டது, நடை மட்டும் அப்படியே இருக்கிறது, கப்பல் ஆடுவதுபோல் காலை அகட்டி. முதல் நாள் மூவரும் மாத்திரைகளைப் பற்றிப் பேசினோம். யாருக்கு எத்தனை, எது சாப்பாட்டுக்கு முன், எது பின் என்று. இரண்டாம் நாள் நியூபோர்ட் ஆற்றங்கரைக்குப் போனோம். மண் ஏற்றிய ஒரு படகை இன்னொரு படகு தள்ளிக்கொண்டு போனது. "பாரம் ஒரு பக்கமா இருக்கு, ஏத்தினவன் மடையன்" என்றான். அவ்வளவுதான் பேச்சு.

மூன்றாம் நாள் காலை, இட்லி சாப்பிட்டதும், அவனே இரண்டு நாற்காலி எடுத்துப் போட்டான். ஒன்றில் என்னை உட்காரச் சொன்னான். மற்றது உங்களுக்கு என்றான். என் காதுக்காக அவன் கத்திப் பேச வேண்டியிருந்தது. பக்கத்து அறையில் மீட்டிங்கில் இருந்த மகள் கதவைத் திறந்து, "அப்பா, எல்லாம் ஓகேவா? எங்க மேனேஜருக்கே கேக்குது" என்றாள். அவன் மன்னிப்புக் கேட்டுவிட்டுக் கொஞ்சம் குறைத்துக் கத்தினான்.

நான் எதை எதிர்பார்த்தேன் என்று உங்களுக்குத் தெரியும். ஐம்பது வருடமாக அதற்குப் பதில் தயார் செய்து வைத்திருந்தேன். அவன் அதைச் சொல்லவில்லை.

"சட்டம் ரெண்டு பேர்னுதானே?" என்றான். "ஒருத்தனை மட்டும் எப்படி விட்டுட்டுப் போனீங்க? கேஸ் வைகாசியிலேயே முடிஞ்சு போச்சு. டிக்கெட் என் கையில இருந்தது. துறைமுகத்துல ஒருத்தர், கப்பல் விக்கிறவரை இரு, காவல் வேலை தர்றேன்னார். போறதா இருக்கிறதான்னு தெரியல. ஒரு நாள் பெட்டி கட்டுவேன், மறுநாள் அவிழ்ப்பேன். இன்னொருத்தன் இருந்திருந்தா, போதும் லே, ஊருக்குப் போன்னு ஒரு வார்த்தை சொல்லியிருப்பான். வேண்டாம்னு சொல்ல ஆள் இல்லாம நான் ஐப்பசி வரைக்கும் அங்கேயே உட்கார்ந்துட்டேன். என் குறை இதுதான். வேற இல்ல."

நான் பதில் பேசவில்லை, அண்ணாச்சி. சட்டப்படியும் பேசக்கூடாது.

புஷ்பவல்லி மேசையில் சீனியவரைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். தலை நிமிராமல் சொன்னாள். எனக்குப் பாதிதான் கேட்டது, திருமூர்த்தியின் முகத்தைப் பார்த்துத் திரும்பச் சொல்லச் சொன்னேன். சொன்னாள்.

"அத்தானுக்கு ரெண்டு பேர் வேணுமாம். எனக்கு, உன் விருப்பம் என்னன்னு ஒரு ஆள் கேட்டிருந்தா போதும். அப்பாவும் கேக்கல, அத்தானும் கேக்கல, நீங்களும் கேக்கல. அத்தான் வர்றதுக்குள்ள கப்பலில் வந்தவர்னு உங்களைக் காட்டினாங்க, சரின்னேன்."

பிறகு காயை எடுத்துக்கொண்டு உள்ளே போய்விட்டாள்.

திருமூர்த்தி மறுநாள் கிளம்பினான். வாசலில் வைத்து என் சட்டைக் காலரைச் சரி செய்துவிட்டான். வருகிற வாரம் ஊருக்குப் போகிறான்.

அவள் எப்போதும்போல் சோறு போடுகிறாள். மாத்திரையை எடுத்து வைக்கிறாள். நான் அவளிடம் இன்னும் ஒன்றும் கேட்கவில்லை. என்ன கேட்பது, எப்படி ஆரம்பிப்பது என்று தெரியவில்லை. அவன் சொல்லி அனுப்பியதை அவள் அப்பாவிடம் நான் சொன்னேன் அண்ணாச்சி. ஒரு தடவை சொன்னேன், மெதுவாக.

மணியன்

~

ஃபிரிஸ்கோ
அக்டோபர் 5, 2025

தம்பி மணியனுக்கு,

வாக்கர் இல்லாம வாசல் வரைக்கும் போயிட்டேன். இனிமே விழ மாட்டேன்னு கயலுக்குச் சத்தியம் பண்ணிக் கொடுத்திருக்கேன். உன் கடுதாசியை வாசிக்கும்போது அது ரெண்டு இடத்துல நிறுத்திச்சு. நானும் வாசின்னு சொல்லல.

அவன் சொன்ன குறை என் தலையிலயும் பாதி. ரெண்டு பேரை விட்டிருக்கணும். நான் கூட இருந்திருக்கலாம், சமைச்சாவது போட்டிருப்பேன். அம்பது வருஷத்துல இது எனக்குத் தோணவே இல்ல. சரிதான்.

இப்ப நீயும் நானும் இறங்கியாச்சு. பதில் பேசக்கூடாதுங்கிற சட்டம் அந்த மூணு நாளுக்கு மட்டும்தான் தம்பி. அது முடிஞ்சு போச்சு. சாரங்கு மாதிரி எழுந்து போய்க் கேக்க வேண்டியதுதான். எப்படி ஆரம்பிக்கிறதுன்னு என்கிட்டக் கேக்காதே, எனக்கு எழுதவே வராது.

இந்தக் கப்பலோட வரலாறைக் கடைசியா ஒரு தடவை சொல்லுங்க, ஒழுங்கா எழுதி வச்சுக்கறேன்னு கயல் கேட்டுது. அதனால சொல்லி முடிக்கிறேன். முதல் ஜோடி சாரங்கு மகாலிங்கம், எமர்ஜென்சி முடிஞ்ச வருஷம் மாரடைப்பில் போனார். ஃபிட்டர் மயில்சாமி பழனியில், மக கல்யாணத்துக்கு மறுநாள். சிவனணைஞ்சான் கடலிலேயே. பரமசிவம் போன கொரோனாவில். அனந்தப்பன் எங்க போனான்னு தெரியல, இருந்தா தொண்ணூறு தாண்டியிருக்கும், இருக்க மாட்டான். அவன் ஜோடி இசக்கிமுத்து, சுனாமிக்கு முந்தின வருஷம். பதவிக்கு வராதவங்களில் திருமூர்த்தியைத் தவிர மத்த பேரும் போயாச்சு.

கப்பலில் இருந்தவங்களில் இருக்கிறது மூணு பேர். திருமூர்த்தி ஊரில, குலசையில இறங்கிட்டான், போன் வந்தது. நான் இங்க. நீ அங்க.

நாம ரெண்டு பேரும் போட்ட உத்தரவுக்குள்ள, கப்பலில் கால் வைக்காமலே, அடங்கி இருந்தது இன்னும் ஒரே ஒரு ஆள். இப்ப உன் அடுக்களையில நிக்குது. புஷ்பவல்லி.